ஆடும் தட்டும் அளக்காத ஆய்வும்

மொழியியல் படித்துவிட்டுப் பாய்மவியல் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கலைச்சொல் ஆய்வுக்காக அத்துறைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். படித்தபின் வாளாவிருக்க இயலவில்லை.

1851இல் ஸ்டோக்ஸ் வெளியிட்ட கணக்கு இது: ஒரு தட்டு தன் தளத்திலேயே முன்னும் பின்னும் அலைந்தால், அதை ஒட்டிய பாய்மம் எவ்வளவு தொலைவு வரை அசையும்? தட்டு நொடிக்கு ஒருமுறை அலைந்தால், நீரில் ஏறத்தாழ 0.56 மில்லிமீட்டர் தொலைவிலேயே அசைவு 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். அலைவின் வீச்சைக் கூட்டினாலும் அத்தொலைவு மாறாது.

சித்தூர் வட்டார ஆலைகளில் கிளிமூக்கு மாம்பழத்திலிருந்து எடுக்கும் கூழ் அப்படிப்பட்டதன்று. வலுவாக ஆட்டினால் இளகும். விசை ஓரளவுக்குக் குறைந்தால் திண்மம்போல் நிற்கும். எனவே வீச்சு மாறினால் அசையும் ஆழமும் மாறும். பழத்தின் முதிர்ச்சி, வெப்பநிலை, கூழின் செறிவு ஆகிய அனைத்தும் விடையை மாற்றும்.

நான் படித்த கட்டுரைகளிலோ, அலைவுறும் தட்டின்மேல் 'காசன் பாய்மம்' ஓடுகிறது. காசன் 1959இல் அச்சு மைக்கென வகுத்த சமன்பாடு அது. முன்னுரையில் உணவுத் தொழிலுக்குப் பயன்படும் என்பார்கள்; உள்ளே மாறிலிகளுக்கு 0.5, 1, 2 என்று விரும்பிய எண்களை இடுவார்கள், வரைபடம் வரைவார்கள், முடிப்பார்கள். எந்தக் கூழின் எண்கள் அவை? எந்தக் கூழுடையவையும் அல்ல.

கணிதத்திற்குப் பயன் தேவையில்லை என்பது மறுமொழியானால், தலைவணங்கி ஏற்கிறேன். அப்படியானால் முன்னுரையிலிருந்து உணவுத் தொழிலை நீக்குங்கள். அதைச் சொல்லிப் பெருமை கொள்வோர் அளந்தே தீரவேண்டும். பேசுவோர் ஒருவரையும் கேளாமல் ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதினால் எங்கள் துறை ஏற்குமா?

அளப்பதற்குக் கருவி இல்லாமலும் இல்லை. ரியோமீட்டர் என்பதே கூழைத் தட்டுகளுக்கிடையே வைத்து, ஒரு தட்டை அலையவிட்டு அளக்கும் கருவிதான். தாளில் ஆயிரம் முறை ஆட்டிய தட்டை ஒருமுறை உண்மையில் ஆட்டிப் பார்ப்பதில் என்ன தயக்கம்?

திருப்பதியில் 1954 முதல் பல்கலைக்கழகமும், 2015 முதல் ஐ.ஐ.டி.யும் இயங்குகின்றன. சித்தூரின் கூழ் ஆலைகளுக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம் போதும். குழாயிலும் கலக்கியிலும் அக்கூழ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்தால் மின்செலவும் வீணாகும் கூழும் குறையக்கூடும். அடுத்த மாம்பழப் பருவத்தில் முனைவர் பட்ட மாணவர் ஒருவரேனும் ஒரு வாளிக் கூழோடு ஆய்வகத்துக்குத் திரும்பட்டும். அதன்பின் எழுதுங்கள் உங்கள் சமன்பாட்டை. முதல் ஆளாக நான் படிக்கிறேன்.