என்ன பிரயோஜனம்?

2024 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. அதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணை லூக் டூராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தாராம். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள்! நண்பரிடம் சொன்னேன். அவர் காப்பியை ஆற்றியபடியே, "இதனால் என்ன பிரயோஜனம்?" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பழகிய செருப்பு மாதிரி; கடிக்காது. எனக்கு எரிச்சல் மூட்டியது பக்கத்தில் இருந்தவர் சொன்ன சமாதானம்தான்: "அப்படிச் சொல்லாதீர்கள் ஸார், பாங்கிப் பணத்தைக் காக்கிற ரகசியப் பூட்டுக்கு இந்த எண்தான் சாவி!"

இது பொய் வக்காலத்து. அத்தகைய பூட்டுகளுக்குப் பகா எண்கள் உதவுவது உண்மை. ஆனால் பெயர்பெற்ற ஆர்.எஸ்.ஏ. முறைக்கு முந்நூறு இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்கள் தாராளமாகப் போதும். அவையும் ரகசியமாக இருக்க வேண்டும். உலகமெல்லாம் தண்டோராப் போட்ட எண்ணைச் சாவியாக்குகிறவன், வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு யாத்திரை போகிறவன்!

பிரயோஜனம் இல்லை என்று ஒப்புக்கொள்ள ஏன் வெட்கம்?

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இத்தகைய எண்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண். 127 இரண்டுகளுக்கும் அப்படியே என்றார். இருநூறு வருஷத்துக்குமேல் அது பெரியவர் வாக்காகவே நின்றது. 1876இல் எட்வார்ட் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் முன்னது தவறு, பின்னது சரி என்று காட்டினார்.

பின்னதற்கு 39 இலக்கங்கள். அதன் வர்க்கமூலம் வரை ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதானால், நொடிக்கு நூறு கோடி வகுத்தாலும் நானூறு ஆண்டு ஆகும். லூக்கா வகுக்கவில்லை; வழி கண்டார். பிற்பாடு லேமர் எளிதாக்கிய அந்த வழியைச் சிலேட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. நாலில் தொடங்குங்கள். வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 14. மறுபடி வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 194. அதை 31ஆல் வகுக்க மீதி 8. மறுபடி 62, 31ஆல் வகுக்க மீதி இல்லை. ஆகவே 31 பகா எண். ஐந்துக்கு மூன்று படி. 127க்கு 125 படி. அவ்வளவுதான்!

கையால் கணக்கிட்ட அந்த எண் 1951 வரை அசையவில்லை. அந்த வருஷம் கேம்பிரிட்ஜில் ஒரு கம்ப்யூட்டர் 79 இலக்கத்தில் ஒன்றைக் கண்டது. அதுவும் என்ன? லூக்காவின் எண்ணை வர்க்கித்து, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது!

பெரியவர் சொன்னார் என்று நம்புவது வேறு; நாமே தெரிந்துகொள்வது வேறு. அந்த வித்தியாசத்துக்காக ஒருவன் உழைத்தான் என்றால், அவனைக் காப்பாற்றப் பாங்கிச் சாவியைத் தேடாதீர்கள். "பிரயோஜனம் இல்லை" என்கிற என் நண்பர் அவனை மதிக்கவில்லை, சரி. ஆனால் இல்லாத பிரயோஜனத்தைக் கற்பிக்கிறவர் உண்மையையே அல்லவா மதிக்கவில்லை?