‘ஆல்’ வேறு, ‘ஆல்தான்’ வேறு

பைத்தானில் வகைக் குறிப்பு கட்டாயமன்று. எழுதினாலும், நிரல் ஓடும்போது மொழி அதைப் பொருட்படுத்துவதில்லை. மைபை, பைரைட் போன்ற சரிபார்ப்பிகளே முன்கூட்டிப் படித்துப் பிழை காட்டுகின்றன. முழு எண்ணாகவோ சரமாகவோ இருக்கக்கூடிய ஒரு மாறியை ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ கொண்டு சோதித்தால், சரிபார்ப்பி அதன் வகையைத் தானே குறுக்கிக்கொள்ளும். அதே சோதனையைத் தனிச் செயற்கூறாகப் பிரித்தாலோ அதற்கு எதுவும் விளங்காது. அங்கே நிரலர் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாக்கிற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 2021இல் பைத்தான் 3.10 உடன் வந்தது டைப்கார்டு, 2024இல் 3.13 உடன் வந்தது டைப்இஸ். பின்னது புதியது, ஆகவே சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வளவு எளிதன்று.

‘மழை பெய்தால் ஆட்டம் இல்லை’ என்று கேட்டவர், பெய்யாவிட்டால் ஆட்டம் உண்டு என்றும் சேர்த்தே புரிந்துகொள்கிறார். சொன்னவர் அதைச் சொல்லவில்லை. கைஸ், சுவிக்கி என்னும் மொழியியலாளர் இருவர் 1971இலேயே இந்த வரவழைக்கப்பட்ட அனுமானத்தை ஆராய்ந்தனர். தமிழில் ‘பெய்தால்’ என்பதற்கும் ‘பெய்தால்தான்’ என்பதற்கும் இடையே ஓர் இடைச்சொல் நின்று வேறுபாட்டைக் காக்கிறது. டைப்கார்டு ‘ஆல்’ மட்டும்: விடை ‘ஆம்’ என்றால் இது முழு எண், ‘இல்லை’ என்றால் மௌனம். டைப்இஸ் அதனோடு ‘ஆல்தான்’ என்பதையும் சேர்க்கிறது: ‘இல்லை’ என்றால் இது முழு எண்ணே அன்று.

பூச்சியத்தைவிடப் பெரிய முழு எண்ணா என்று பார்க்கும் செயற்கூற்றுக்கு டைப்இஸ் குறிப்பை இட்டால் என்ன ஆகும்? −5 வருகிறது, விடை ‘இல்லை’. எஞ்சியது சரமே என்று சரிபார்ப்பி முடிவுகட்டி, அக்கிளையில் சரத்துக்குரிய செயல்களை அனுமதிக்கிறது. பிழை ஓட்டத்தின்போதுதான் வெடிக்கும். செயற்கூற்றின் உடல் வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று சரிபார்ப்பி பார்ப்பதே இல்லை. குறிப்பே இல்லாதிருந்தால் அது எச்சரித்திருக்கும். பொய்க்குறிப்பு அந்த எச்சரிக்கையையும் வாயடைத்துவிடுகிறது.

எனவே ஐயமிருக்குமிடத்தில் டைப்கார்டே தகும். பொதுப்பொருள்களின் பட்டியலைச் சரங்களின் பட்டியலாகக் குறுக்குவதற்கும் அதுவே உதவும். டைப்இஸ் அதற்கு இடந்தராது. (இவ்விரு பெயர்களுள் எதுவும் இந்த வேறுபாட்டைக் காட்டவில்லை என்பது பெயரிட்டவர்களின் குறையே.)

டைப்ஸ்கிரிப்ட் 2015 முதல் வலுவான வாக்கை மட்டுமே வைத்திருக்கிறது. ஆனால் 2024இல் வந்த 5.5 பதிப்பில் மொழிமாற்றி தானே சில காவலர்களை ஊகித்தறியத் தொடங்கியபோது, ‘இல்லை’ என்னும் கிளையும் மெய்யாகும் இடங்களில் மட்டுமே ஊகிக்கிறது. எண்ணோ வெறுமையோ வரக்கூடிய மதிப்பை வெறும் உண்மைத்தன்மையால் சோதித்தால் அது ஊகிக்க மறுக்கிறது, பூச்சியமும் எண்தானே.