கம்பளத்துக்கு ஒரு வைத்தியர்

"கூடத்தில் கம்பளத்தைக் காணோமே, பெரியம்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன். கேட்டிருக்கக் கூடாது. பெரியம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று.

"அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறாய், போ!" என்றாள்.

அந்தக் கம்பளத்தின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1974-ஆம் வருஷம் பெரியப்பா ஸ்ரீநகரில் உத்தியோகம் பார்த்தபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கி வந்தது. ஆறடிக்கு நாலடி. நடுவில் நல்ல சிவப்பு. ஓரமெல்லாம் சந்தன நிறம். பெரியப்பா காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. தை மாதத்தில் பேத்திக்கு வளைகாப்பு. அவளை அந்தக் கம்பளத்தில் உட்கார்த்தி வளையல் அடுக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை.

அதற்காகத்தான் அதைச் சுத்தம் செய்ய நினைத்தாள். அடுக்கு மாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. "எந்தக் கறையானாலும் ஒரே மணி நேரத்தில் மாயம்! இன்று மட்டும் பாதிக் கட்டணம்!" கைப்பேசியை எடுத்துக் கூப்பிட்டாள். இரண்டு இளைஞர்கள் ஒரு இயந்திரத்தோடு வந்தார்கள். கம்பளத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் சோப்புத் தண்ணீரும் பாய்ச்சித் தேய்த்தார்கள். சிவப்புச் சாயம் இளகிச் சந்தன ஓரத்தில் இறங்கிவிட்டது. பெரியம்மா பதறிப் போய்க் கேட்டதற்கு, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "சொந்தக்காரர் பொறுப்பு" என்ற வரியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் போன அன்று தீபாவளி கழிந்து ஒரு வாரம். வெளியே அடைமழை. பின்கட்டு வராந்தாவில் மின்விசிறிக்குக் கீழே நாலாம் நாளாக அந்தக் கம்பளம் ஈரம் காயாமல், ஒரு நாற்றத்தோடு கிடந்தது.

"பணம் போனால் போகட்டும். உன் பெரியப்பா இதன் மேல் செருப்புக் காலோடு ஒருவரை நடக்க விட்டிருப்பாரா?" என்று சொல்லும்போது பெரியம்மாவின் குரல் கம்மிற்று.

கம்பளங்கள் விற்கும் பழைய கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசி, "உங்கள் கடைச் சரக்கு அழுக்கானால் நீங்கள் யாரிடம் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பெரியவர் இரண்டாம் நாள் வந்தார். கையில் இயந்திரம் இல்லை. ஒரு டார்ச் விளக்கும் வெள்ளைத் துணியும்தான் இருந்தன.

நல்ல வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் நாடி பிடித்துப் பார்ப்பார் அல்லவா? இவரும் அப்படித்தான். முதலில் கம்பளத்தின் ஒரு மூலையைப் புரட்டினார். "முன்னால் இருக்கிற பூ வேலை பின்னாலும் அப்படியே தெரிகிறது, பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட கம்பளம். ஓரத்துக் குஞ்சம் தனியாகத் தைத்தது அல்ல; பாவு நூலின் நுனியேதான்" என்றார். பிறகு ரோமத்தை விரலால் பிரித்து விளக்கைப் பிடித்தார். அடியில் பொடி மணல்! இந்த மணல்தான் நாம் நடக்க நடக்க ரோமத்தின் வேரை அறுக்கிறதாம். அதைப் போக்காமல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சேறாகிவிடும். ஆகையால் தூசியை முதலில் உலர்வாகவே, பின்பக்கமும் சேர்த்து, உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அப்புறம் வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில நிமிஷம் அழுத்தி வைத்தார். சிவப்பு மட்டும் துணியில் ஒட்டியது. "முன்னால் வந்தவர்கள் என்ன போட்டார்கள்? வீட்டில் பூனை உண்டா? இந்தக் கறை காப்பியா, டீயா?" என்று சரமாரியாகக் கேள்விகள். கடைசியில் பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, மணல் போகும், நாற்றம் போகும். இறங்கின சாயம் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. போகும் என்று நான் சொன்னால் அது பொய்."

பெரியம்மா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எடுத்துக்கொண்டு போங்கள்" என்றாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. "எல்லாம் முடியும்" என்கிறவரைக் காட்டிலும், "இது முடியாது" என்று சொல்லத் தெரிந்தவரே நம்பத் தகுந்தவர். கம்பளத்தை அறியாதவருக்குத்தான் எதுவும் முடியாது என்று தோன்றுவதில்லை.

அவர் கேள்வி கேட்பது போல நாமும் அவரைக் கேட்க வேண்டும். அதற்கு நம் வீட்டுச் சரக்கு இன்னதென்று நமக்கே தெரிந்திருப்பது நல்லது. பின்பக்கம் முடிச்சும் பூ வேலையும் தெரிந்தால் கையால் நெய்தது. அங்கே துணி ஒட்டியிருந்தால் அது பசையால் பிடித்து நிற்கிற கம்பளம். தண்ணீர் அதிகமானால் பசை தளர்ந்து விடும். அடியில் சணல் இருந்தால், ஊறின ஈரம் மேலே பழுப்பாக ஏறும். "பட்டு" என்று சொல்லி விற்கும் பளபளப்பான கம்பளங்களில் பல, விஸ்கோஸ் என்ற செயற்கை இழை. நனைந்தால் அது பலமிழந்து, காய்ந்த பின் மஞ்சளித்துச் சொரசொரப்பாகும். சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்துத் தனியே கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு; காகிதம் எரியும் வாசனை வந்தால் விஸ்கோஸ் அல்லது பருத்தி.

இனி, வருகிறவரிடம் கேட்க வேண்டியவை. என்ன மருந்து போடுவீர்கள்? கம்பளிக்கும் பட்டுக்கும் காரம் ஆகாது. சலவைக்குப் போடும் குளோரின் ப்ளீச்சோ இழையையே அரித்துவிடும். வெந்நீரா, தண்ணீரா? வெந்நீரில் கசக்கித் தேய்த்தால் கம்பளி ரோமம் திரண்டு கெட்டியாகிவிடும். எங்கே, எப்படிக் காய வைப்பீர்கள்? நிழலில், காற்றோட்டத்தில் என்று சொல்ல வேண்டும்; நேர் வெயிலில் சாயம் வெளுக்கும். ஒரு நாளைக்கு மேல் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். ஆகையால் சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டிலேயே அலச வருகிறேன் என்பவரை, "தை பிறக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுவதே உத்தமம்.

கூலி விஷயத்திலும் கண் வேண்டும். சதுர அடிக் கணக்கில் கேளுங்கள். பெரியம்மாவின் கம்பளம் 24 சதுர அடி. ஒன்பதடிக்கு ஆறடி என்றால் 54. "ஒரு அறைக்கு இவ்வளவுதான்" என்று மலிவாகச் சொல்லி வந்து, வாசற்படி ஏறியதும் கறைக்கு இவ்வளவு, நாற்றத்துக்கு இவ்வளவு என்று ஏற்றுகிறவர்கள் உண்டு. எடுத்துப் போகவும் கொண்டு வந்து தரவும் சேர்த்து மொத்தத் தொகையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கம்பளம் போகுமுன் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். ரசீதில் அளவு, நிறம், ஏற்கெனவே உள்ள கறை, திருப்பித் தரும் தேதி, கெட்டுப் போனால் என்ன ஈடு என்பதெல்லாம் இருக்கட்டும். ரசீது தர முகம் சுளிக்கிறவருக்கு வாசலிலேயே கும்பிடு போட்டுவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கெடுத்துவிட்டால்? வாயடைத்துப் போக வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்கிற சேவையில் கவனக் குறைவு இருந்தால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் யோசனை கேட்க 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் சட்டம் ஈடு வாங்கித் தரும். இறங்கின சாயத்தை ஏற்றித் தராது. ஆகையால் ஜாக்கிரதை முன்னாலேயே இருக்கட்டும்.

நம் வீடுகளில் அதிகமாக இருக்கும் பவானி ஜமக்காளத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டாம். ரோமம் இல்லாத பருத்தி நெசவு அது. அதற்கும் முதல் அலசலில் வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும்.

எட்டாம் நாள் பெரியவர் கம்பளத்தைச் சுருட்டியபடி தோளில் சுமந்து வந்தார். மடிக்கக் கூடாதாம், மடிப்பில் இழை ஒடியுமாம். விரித்துப் பார்த்தோம். மணல் இல்லை, நாற்றம் இல்லை. ரோமம் மெத்தென்று இருந்தது. சந்தன ஓரத்தில் ஒரு மூலை மட்டும் இளம் ரோஜா நிறத்தில் நின்றுவிட்டது. அவர் சொன்னபடியே, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரியம்மா குனிந்து அந்த மூலையை ஒரு தடவை தடவிவிட்டு, பேசின கூலிக்கு மேல் ஒரு வேஷ்டியும் வைத்துக் கொடுத்தாள்.

தை மாதம் வளைகாப்பு ஜாம் ஜாமென்று நடந்தது. ரோஜா மூலையைப் பேத்தியின் புடவைத் தலைப்பு மறைத்துக் கொண்டது.

இப்போது பெரியம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம். குழாய் ரிப்பேருக்கு வருகிறவரானாலும் சரி, வளைகாப்புச் சமையலுக்கு வந்தவரானாலும் சரி, முதல் கேள்வி ஒன்றேதான்: "உங்களால் என்ன முடியாது? அதை முதலில் சொல்லுங்கள், பார்க்கலாம்!"