பெயரும் வேண்டாம், கிராமும் வேண்டாம். சோதனைச் சீட்டைக் காட்டுங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காடு அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் புதுச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஃபிரேமில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்ன சார், பேரே கேள்விப்படாத கம்பெனியா இருக்கு? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கணும். இந்த வயசுல இதுல போய் ரிஸ்க் எடுக்கறீங்களே?"

அவர் பக்கத்தில் நின்ற இன்னொருவர் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். "ஃபிரேம் எத்தனை கிராம் சார்?"

"பெயின்ட்டோட சேர்த்து 1,120."

"அட, இந்தக் காசுக்கு எண்ணூறு கிராமே கிடைக்குமே! ஏமாந்துட்டீங்க."

மலை ஏறப் போகிறவன் அடிவாரத்தில் வாதாடி மூச்சை வீணாக்கக் கூடாது. சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆனால் ஏறி முடிக்கும் வரை அந்த இரண்டு கேள்விகளும் பின்னாலேயே வந்தன. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் பெயரைப் பார்த்தார். இன்னொருவர் எடையைப் பார்த்தார். இந்த ஃபிரேமை வைத்து யாராவது சோதனை செய்தார்களா, எத்தனை பாரம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நம் வயதுக்காரர்களுக்கு சைக்கிள் என்றால் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். எல்லாம் இரும்புக் குழாய். விழுந்தால் வளையும், கடைக்காரர் நிமிர்த்திக் கொடுப்பார். கார்பன் ஃபிரேம் அந்த ஜாதி இல்லை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துத் தாள் மாதிரி ஆக்கி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஆட்கள் கையால் அடுக்குகிறார்கள். பிறகு அச்சுக்குள் வைத்து, உள்ளே காற்றுப் பையால் அழுத்தம் கொடுத்து, சூட்டில் இறுக வைக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதுதான் அதன் பலம். அடுக்கும்போது ஒரு சுருக்கம் விழுந்தாலோ, பிசினில் காற்றுக் குமிழி நின்றுவிட்டாலோ வெளியே தெரியாது. மேலே பெயின்ட் பளபளவென்றிருக்கும். இரும்பைப் போல வளைந்து காட்டி எச்சரிக்கை செய்யாமல், ஒரு நாள் சட்டென்று உடையும். ஆகவே கார்பனைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பெயருக்கு வருகிறேன். பெரிய பெயர் ஒட்டியிருக்கிற ஃபிரேம்கள் எங்கே செய்யப்படுகின்றன என்று நினைக்கிறீர்கள்? இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தாத்தா காலத்துப் பட்டறையிலா? உலகத்துக் கார்பன் ஃபிரேம்களில் பெரும்பங்கு தைவானிலும் சீனாவிலும் உள்ள தொழிற்சாலைகளில் இருந்துதான் வருகிறது. தைவானில் 1972-ல் தொடங்கிய ஜயன்ட் கம்பெனி பல வருஷம் ஷ்வின் என்ற அமெரிக்கப் பெயரில் சைக்கிள் செய்து கொடுத்தது. 1981-ல்தான் சொந்தப் பெயரை ஒட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு ஓர் அமெரிக்கர் ஜயன்ட் வாங்கியிருந்தால், அவருடைய நண்பரும் "பேரே கேள்விப்படலையே" என்றுதான் சொல்லியிருப்பார். அதே 1972-ல் தொடங்கிய மெரிடா, பிறருக்குச் சைக்கிள் செய்து கொடுத்தே வளர்ந்து, 2001-ல் ஸ்பெஷலைஸ்டு என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியிலேயே பெரும் பங்கு வாங்கியது. 2025-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அஸ்தானா அணி ஓட்டியது எக்ஸ்.டி.எஸ். என்ற சீனக் கம்பெனியின் சைக்கிளை. அதற்கு முந்தைய வருஷம் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் நம் அடிவாரத்து டீக்கடையில் எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள்?

கேள்விப்படாத பெயர் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நாம் கேள்விப்பட்டோமா இல்லையா என்பது விளம்பரச் செலவைக் காட்டும் கணக்கு. ஃபிரேமின் பலத்தைக் காட்டும் கணக்கு வேறு.

சொல்லப்போனால் எனக்குப் பயம் கேள்விப்பட்ட பெயரில்தான். இரண்டு வருஷம் முன்னால் எங்கள் குழு நண்பர் ஒருவர், உலகமே அறிந்த ஒரு பெயர் போட்ட ஃபிரேமைப் பாதி விலைக்கும் கீழே ஆன்லைனில் வாங்கினார். வாங்கிய அன்று ஸ்வீட் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து, மலையில் இருந்து இறங்குமுன் டயருக்குக் காற்று பார்க்கலாம் என்று குனிந்தவர், சீட் குழாய் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்தில் நகத்தால் கீறினமாதிரி ஒரு கோடு இருப்பதைப் பார்த்தார். நான் ஒரு ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். மற்ற இடத்தில் 'டக் டக்' என்று கேட்டது, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் 'டொப்' என்று அமுங்கிக் கேட்டது. சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்கினோம். பிறகு விசாரித்தால் அந்த எண்ணில் அந்தக் கம்பெனி ஃபிரேமே செய்ததில்லை. பெயர் வெறும் ஸ்டிக்கர்.

அன்று அவர் குனியாமல் இருந்திருந்தால்? மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் இறங்கும்போது அந்தக் கோடு வாய் திறந்திருந்தால்? நம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எத்தனை மாதம் படுக்கை என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர் தெரியாத கம்பெனி, தன் சொந்தப் பெயரை எழுதி விற்கிறது. உடைந்தால் கெட்டுப்போவது அதன் பெயர். ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு அந்தக் கவலை கிடையாது. அப்படியிருக்க, பெயரை மட்டும் பார்த்து வாங்கச் சொல்கிறவர்கள் யாருக்குத் துணை போகிறார்கள்?

இனி கிராம் பைத்தியத்துக்கு வருகிறேன். எண்ணூறு கிராம் எங்கே, 1,120 கிராம் எங்கே என்று கேட்கிறார்கள். கணக்குப் போடுவோம். வித்தியாசம் 320 கிராம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறேன் என்று வையுங்கள். 320 கிராமை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 3,100 ஜூல் சக்தி வேண்டும். என்னைப் போன்ற கிழவன் நிதானமாக மிதித்தால் 110 வாட் வரும். ஆக, இந்த வித்தியாசம் எனக்கு 28 விநாடி. ஏறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறவனுக்கு 28 விநாடி! வழியில் குரங்கு குறுக்கே வந்தால் அதைவிட அதிக நேரம் நிற்கிறேன். முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்தால் 375 கிராம் குறைந்துவிடுகிறது. என் தொப்பையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் தினமும் சொல்கிறார்கள். சமதரையில் எடையை விடக் காற்றுத்தான் எதிரி. அங்கே முன்னூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட மரியாதையே இல்லை.

பந்தய வீரர்களுக்கே எல்லை உண்டு. முழுச் சைக்கிளும் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ல் விதி கொண்டுவந்தது. அவர்களுக்கு வண்டி மாற்றிக் கொடுக்கப் பின்னாலேயே கார் வருகிறது. எனக்குப் பின்னால் கார் வந்தால் ஹாரன்தான் அடிக்கிறது.

அந்த எண்ணூறு கிராமிலும் தந்திரம் உண்டு. பெயின்ட் அடிக்காமல், நடுத்தர அளவோ சின்ன அளவோ எடுத்து, போல்ட், ஹேங்கர் எல்லாம் கழற்றிவிட்டு நிறுத்த எடையை விளம்பரத்தில் போடுவது வழக்கம். நகைக் கடையில் கல் எடையைக் கழித்தார்களா என்று கேட்கிற நாம், இங்கே மட்டும் கேட்பதில்லை.

"டி-1000 கார்பன்" என்று இன்னொரு மந்திரம் சொல்வார்கள். அது ஜப்பானின் டோரே கம்பெனி தன் இழைக்கு வைத்த ரகப் பெயர். நல்ல இழைதான், சந்தேகமில்லை. ஆனால் உயர்ந்த ரக அரிசி வாங்கிவிட்டால் மட்டும் சோறு குழையாமல் வந்துவிடுமா? வடிக்கிற கை வேண்டாமா? அடுக்கியவர் கை, அச்சு, அழுத்தம், சூடு இவற்றில் இருக்கிறது விஷயம்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? நான் கேட்டதைச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஓ. 4210 என்று சைக்கிள் பாதுகாப்புக்கு ஓர் உலகத் தர விதி இருக்கிறது. அதன்படி ஃபிரேமைப் பிடியில் மாட்டி, பெடல் மிதிக்கிற மாதிரியே விசை கொடுத்து ஒரு லட்சம் சுற்று ஆட்டுவார்கள். ஃபோர்க்கோடு நிறுத்தி 22.5 கிலோ எடையை மேலிருந்து போடுவார்கள். விரிசல் விட்டால் தோல்வி. பெயர் அதிகம் தெரியாத இரண்டு கம்பெனிகளுக்கு ஒரே கடிதம் எழுதினேன்: நான் வாங்க நினைக்கும் இந்த மாடலுக்கு அந்தச் சோதனை அறிக்கை வேண்டும், எந்தச் சோதனைச் சாலை, எந்தத் தேதி, ஓட்டுகிறவர் எடை வரம்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

முதல் கம்பெனி ஒரு படம் அனுப்பியது. தராசில் ஃபிரேம், 790 கிராம். மறுபடி கேட்டேன். மறுபடியும் தராசு, இந்த முறை வேறு கலரில்! இரண்டாவது கம்பெனி ஆறு நாள் எடுத்துக்கொண்டு, மாடல் எண்ணோடு, வெளிச் சோதனைச் சாலையின் அறிக்கையை அனுப்பியது. அந்த மாடல் எண்ணும் ஃபிரேமில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தேன். அந்தச் சாலைக்கே மின்னஞ்சல் அனுப்பி, அறிக்கை எண் சரிதான் என்று பதில் வாங்கினேன். பணத்தைக் கட்டினேன். அந்த 320 கிராம் இப்படித்தான் "போனது".

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். பெரிய கம்பெனிக்கு ஊரிலோ பக்கத்து ஊரிலோ கடை இருக்கும். பழுதானால் போய்ச் சண்டை போடலாம். என் ஃபிரேம் பழுதானால் சீனாவுக்குத் திருப்பி அனுப்புகிற செலவு என் தலையில். அதனால்தான் முன்யோசனையாகச் சிலவற்றைப் பார்த்தேன். கியர் மாட்டும் ஹேங்கர் உபரியாக இரண்டு முதலிலேயே வாங்கிவிட்டேன். சீட் குழாய் 27.2 மில்லிமீட்டர் உருண்டைக் குழாயாக இருக்க வேண்டும் என்றேன்; விசித்திர வடிவம் என்றால் நாளைக்கு அது ஒன்றுக்காக ஃபிரேமே வீண். பெடல் அச்சு உட்காரும் பி.பி. கப் திருகி மாட்டுவதாக இருக்க வேண்டும் என்றேன். அழுத்திச் செருகுகிற ரகத்தில் அளவு இம்மி பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் கிரீச். இந்தத் திருகு மரைக்கு உலகம் முழுக்க இன்றும் என்ன பெயர் தெரியுமா? பி.எஸ்.ஏ.! பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்து, பிறகு சைக்கிளுக்கு வந்த அதே கம்பெனி. அம்பத்தூரில் செய்து நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளில் இருந்த அதே மூன்றெழுத்து, சீனத்துக் கார்பன் ஃபிரேமின் விவரப் பட்டியலில் இருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்தமாதிரி இருந்தது.

வாங்கியபின் ஒன்று. போல்ட்டுகளின் பக்கத்தில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். "நல்லா டைட்டா இருக்கட்டும் சார்" என்று பலம் கொண்ட மட்டும் முறுக்குகிற கை, இரும்புக்குப் பழகின கை. டார்க் ஸ்பேனர் இல்லாதவரைக் கார்பன் பக்கம் விடாதீர்கள். பெரிய பெயரானாலும் சின்னப் பெயரானாலும் அங்கே நசுங்கினால் நசுங்கியதுதான்.

கடைசியாக, சில நண்பர்கள் கேட்பார்கள்: எஃகு ஆலை இருக்கிற சேலத்தில் இருந்துகொண்டு கார்பன் எதற்கையா? இரும்பே நல்லதுதான். என் முழங்கால் இரண்டாம் மாடிக்குப் பதினான்கு கிலோவைத் தூக்க மறுத்த நாளில்தான் நான் மாறினேன். மாடி ஏறுகிற வழக்கம் இல்லாதவர் இரும்பிலேயே இருங்கள். அதைக் குறைவாக நினைக்கவே வேண்டாம்.

ஆனால் கார்பன் வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால், பேரன் சொன்னான், கடைக்காரர் சொன்னார், தராசு சொன்னது என்று போகாதீர்கள். மருந்துக் கடையில் காலாவதித் தேதி பார்க்கிறோமே, அந்தக் கண்ணோடு சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்காதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த இரண்டு தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு அடிவாரத்துக்கு வரும்போது உங்கள் ஃபிரேமின் அறிக்கையைக் கொண்டு வாருங்கள். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். டீ என் கணக்கு.