சாப்பாடு போட்டா மட்டும் போதுமா?

 

அன்னதான வரிசையில நிக்கிற ஊழியர் தம்பிகளைப் பார்த்து, "உடம்புக்கு வந்தா கம்பெனி பார்த்துக்கும்"னு சிலர் சொல்றாங்க. அது பாதி உண்மை.

சட்டம் இருக்கு. வொர்க் பெர்மிட்காரருக்கு மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலையில காப்புறுதி 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆச்சு. ஆறு மாசம் வேலை செஞ்சவருக்கு வருஷம் 14 நாள் சம்பளத்தோட மருத்துவ விடுப்பு. நல்லதுதான், மறுக்கல.

ஆனா எம்சி எடுத்தா ஓவர்டைம் போயிடும், பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவாங்கன்னு பயந்து பனடோல் போட்டுக்கிட்டு சைட்டுக்குப் போறவங்களுக்கு அந்தச் சட்டம் எங்கே? நமக்கு மானியம் உண்டு, மெடிஷீல்டு லைஃப் உண்டு. அவங்களுக்கு ரெண்டும் கிடையாது. முதலாளி கைவிட்டா யாரு கட்டுறது? 2020-ல டார்மிட்டரியில கோவிட் பரவினப்போ எல்லாரும் உருகினோம். இப்ப மறந்துட்டோமா?

நம்மள்ல சூப்பர்வைசர், ஃபோர்மேன் நிறைய பேர் இருக்கோம். ஒருத்தர் முதுகு வலின்னு சொன்னா "நடிக்கிறான்"னு சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட அனுப்புங்க. அது நாம போடுற தர்மம் இல்ல, அவங்க உரிமை.

இலையில சோறு வைக்கிற கை, வலிக்குதான்னும் கேக்கட்டும். காளியம்மா அவங்களுக்கும் தாய்தான்.