கிரிப்டோ டோக்கன்: வாங்குறது ஈஸி... விற்க முடியுமா?

2021 அக்டோபர் கடைசி. நெட்ஃபிளிக்ஸின் 'ஸ்க்விட் கேம்' தொடரை உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். அதே பெயரில் ஒரு டோக்கன் சந்தைக்கு வந்தது. நெட்ஃபிளிக்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சுமார் ஒரு சென்ட்டில் தொடங்கிய விலை, நவம்பர் 1 அன்று 2,800 டாலரைத் தாண்டியது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே! உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலரோடு காணாமல் போனார்கள்.

கவனிக்க வேண்டியது வீழ்ச்சியை அல்ல, அதற்கு முந்தைய நாட்களை. விலை ஏறிக்கொண்டிருந்தபோதே, வாங்கிய பலரால் விற்க முடியவில்லை. வாங்க மட்டும்தான் முடியும் என்றால் விலை ஏறத்தானே செய்யும்? ஆகவே ஒரு டோக்கனில் கடைசியாகப் பார்க்க வேண்டியது விலை. முதலில் பார்க்க வேண்டியவை இவை.

வெளியே வர வழி இருக்கா?

விற்பனையைத் தடுக்கும் நிபந்தனையை டோக்கனின் நிரலிலேயே எழுதிவிட முடியும். சின்னத் தொகைக்கு வாங்கி, உடனே விற்றுப் பாருங்கள். அது நடந்தாலும் முழு நிம்மதி வேண்டாம். நிரலைப் பின்னால் மாற்றும் உரிமை உருவாக்கியவர் கையில் இருந்தால், கதவு எப்போது வேண்டுமானாலும் மூடலாம்.

யார் கையில் இருக்கு?

ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களில் எந்த வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். எக்ஸ்சேஞ்ச் வாலட்களைக் கழித்த பிறகும், பாதிக்கு மேல் நாலைந்து பேரிடம் இருந்தால், அவர்கள் விற்கும் நாள்தான் உங்கள் நஷ்ட நாள்.

மார்க்கெட் கேப்பை நம்பலாமா?

100 கோடி டோக்கன், கடைசி விலை ஒரு ரூபாய் என்றால் 'மதிப்பு 100 கோடி' என்று திரையில் காட்டும். ஆனால் விற்பவர்களுக்குக் கொடுக்க லிக்விடிட்டி பூலில் 5 லட்சம்தான் இருக்கிறது என்றால்? எல்லோருமாகச் சேர்ந்து எடுக்க முடிவது அவ்வளவுதான். அந்த பூல் பூட்டப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

டாக்ஸ் கணக்கு போட்டீங்களா?

இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1% டி.டி.எஸ். ஒரு டோக்கனின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால், கையில் மிஞ்சியது பூஜ்யம். வரி மட்டும் 30,000 ரூபாய், அதற்கு மேல் செஸ்!

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இங்கே அதுவும் கிடையாது.

இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரம் போதும். பதில் கிடைக்கவில்லை என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது. 'இன்னைக்கு விட்டா போச்சு ப்ரோ' என்று டெலிகிராம் குரூப்பில் ஒருவர் அவசரப்படுத்துகிறாரா? அவர் விற்க நினைத்தால், வாங்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்காதீர்கள்.