நிக்கொட்டினைக் குறைத்தால் புகைத்தல் குறையுமா?

திருகோணமலை மாவட்டத்தின் தென்கரையில் இலங்கைத்துறை முகத்துவாரம் தொடக்கம் மூதூர், கிண்ணியா வரையிலான கரையோரங்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பித் தொழில் செய்து வருகின்றனர். வலையையும் படகையும் போலவே சிகரெட்டும் பீடியும் இத்தொழிலாளரில் பலரது அன்றாட வாழ்வோடு ஒட்டிக்கொண்டுள்ளன. றமழான் மாதத்தில் நோன்பு நோற்கும் முஸ்லிம் சகோதரர் பகல் முழுவதும் புகைப்பதில்லை. சபரிமலைக்கு மாலை அணிந்த தமிழ்ச் சகோதரர் ஒரு மண்டலம் சிகரெட்டைத் தொடுவதில்லை. ஆயினும் இவர்களுள் ஒருவர் எவ்விதச் சிரமமுமின்றிப் பொழுதைக் கழிக்க, இன்னொருவர் நண்பகலுக்கு முன்னரே தலைவலியாலும் எரிச்சலாலும் துன்புறுவதைக் காண்கின்றோம். பின்னவரை மனவுறுதி குன்றியவர் என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். ஆனால் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி மனதில் அன்றி ஈரலில் உள்ளது என்பதை மருத்துவ ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன.

புகையிலைக்கு மனிதனை அடிமையாக்குவது நிக்கொட்டின் என்ற இரசாயனமாகும். உடலினுள் சென்ற நிக்கொட்டினில் 70 முதல் 80 வீதம் வரை ஈரலில் கொட்டினைன் என்ற வேறொரு பொருளாக மாற்றப்படுகின்றது. இம்மாற்றத்தைப் பிரதானமாகச் செய்வது சைப் 2ஏ6 எனப்படும் நொதியமாகும். சராசரியாக இரண்டு மணித்தியாலங்களில் இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் பாதியாகக் குறைகின்றது. எட்டு மணித்தியாலங்களில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சுகின்றது. எனினும் இவ்வேகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பெற்றோரிடமிருந்து வரும் பரம்பரையலகுகளுக்கு ஏற்ப இந்நொதியம் சிலரில் விரைவாகவும் சிலரில் மந்தமாகவும் செயற்படுகின்றது. ஆண்களை விடப் பெண்களில் இது பொதுவாக விரைவானது. கர்ப்ப காலத்தில் மேலும் விரைவடைகின்றது. நிக்கொட்டினை விரைவில் இழப்பவர் அடுத்த சிகரெட்டை விரைவில் நாடுவார், ஆழமாக உள்ளிழுப்பார், விட முயலும்போது கூடுதலாகத் துன்புறுவார். மந்தமாக இழப்பவருக்குக் குறைந்த எண்ணிக்கையே போதுமானதாக இருக்கும்.

இந்த உண்மையைப் பின்னணியாகக் கொண்டே குறைந்த நிக்கொட்டின் சிகரெட் என்ற விடயத்தை நோக்க வேண்டியுள்ளது. இவ்விடத்தில் முற்றிலும் வேறான இரண்டு பொருட்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது, 'லைற்', 'மைல்ட்' என்ற பெயர்களில் உலகெங்கும் விற்கப்பட்ட சிகரெட். அதன் புகையிலையில் நிக்கொட்டின் குறைக்கப்படவில்லை. வடிகட்டியைச் சுற்றி நுண்ணிய துளைகள் இடப்பட்டன. பரிசோதனை இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு தடவை அளவாக இழுத்தபோது அத்துளைகளினூடாக வெளிக்காற்று கலந்து, தாரும் நிக்கொட்டினும் குறைவாகப் பதிவாகின. மனிதன் இயந்திரமல்லன். அவனது விரலும் உதடும் துளைகளை மூடின. தேவையான நிக்கொட்டின் கிட்டும் வரை அவன் ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தான். விரைவாக நிக்கொட்டினை இழக்கும் உடலைக் கொண்டவனுக்கு இத்தேவை மேலும் அதிகம். அவன் ஈடுசெய்து இழுத்த ஒவ்வொரு இழுவையுடனும் தாரும் காபனோரொட்சைட்டும் கூடவே சென்றன. புற்றுநோயையும் இருதய நோயையும் உண்டாக்குவதில் பெரும் பங்கு இப்புகைக்கே உரியது. உடல்நலத்தை எண்ணி 'மைல்ட்' சிகரெட்டுக்கு மாறியவர்கள் இவ்வாறு ஏமாற்றப்பட்டனர்.

இரண்டாவது வகை, புகையிலையிலேயே நிக்கொட்டின் மிகப் பெருமளவு அகற்றப்பட்ட சிகரெட். 2015 ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 840 புகைப்பவர்கள் ஆறு வாரங்கள் அவதானிக்கப்பட்டனர். ஒரு கிராம் புகையிலையில் 15.8 மில்லிகிராம் நிக்கொட்டின் கொண்ட சிகரெட் வழங்கப்பட்டவர்கள் இறுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 21 சிகரெட்டுகளைப் புகைத்தனர். 0.4 மில்லிகிராம் மாத்திரமே கொண்டதைப் பெற்றவர்களோ 15 அளவில் நின்றனர். காரணம் எளிதானது. பாதியாகக் குறைத்தால் ஆழமாக இழுத்து ஈடுசெய்யலாம். நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் எவ்வளவு இழுத்தாலும் ஈடுசெய்வதற்கு அங்கு எதுவும் இல்லை. எனவே நிக்கொட்டினை அரைகுறையாகக் குறைப்பது, விரைவாக அதை இழக்கும் புகைப்பவரை மேலும் அதிகப் புகையை உள்ளிழுக்கத் தூண்டக்கூடும் என்பதை ஆட்சியாளர்கள் மனங்கொள்ள வேண்டும்.

நியூசிலாந்து 2022 ஆம் ஆண்டில் கிராமுக்கு 0.8 மில்லிகிராம் என்ற உச்ச எல்லைக்கு வழிசெய்தது. ஆட்சி மாறியதும் 2024 பெப்ரவரியில் அச்சட்ட ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருமுன்னரே நீக்கப்பட்டன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் 0.7 மில்லிகிராம் என்ற எல்லையை முன்மொழிந்தது. எனினும் இத்திட்டத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆய்வுகளில் கலந்துகொண்டோரில் பலர் வழமையான சிகரெட்டையும் இடையிடையே புகைத்தமை தெரியவந்தது. பழைய சிகரெட் பக்கத்துக் கடையில் கிடைக்கும்வரை புதிய சிகரெட்டால் பயனில்லை.

நமது நாட்டுக்கு இப்படிப்பினை மிகவும் பொருந்தும். உலக சுகாதார தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003 நவம்பரில் உறுதிப்படுத்தியது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் விளம்பரங்களையும் 21 வயதுக்குக் குறைந்தோருக்கான விற்பனையையும் தடைசெய்தது. 2015 இல் பெட்டியின் 80 வீதத்தைப் பட எச்சரிக்கை பிடித்துக்கொண்டது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் பெட்டியாக வாங்காது ஒற்றைச் சிகரெட்டாக வாங்கிப் பழகியவரின் கண்ணில் அப்படம் படுவதில்லை. சிகரெட்டின் விலை ஏற ஏறப் பீடியை நாடுவோரும் உள்ளனர். பீடிக்கு வடிகட்டியுமில்லை, அது அணையாதிருக்க அடிக்கடி இழுக்கவும் வேண்டும். இந்தியாவிலிருந்து கடல்வழியாகக் கடத்தப்படும் பீடி இலைகளைக் கடற்படையினர் வடமேற்குக் கரையோரங்களில் அடிக்கடி கைப்பற்றி வருகின்றனர். இந்நிலையில் சிகரெட்டின் நிக்கொட்டினை மாத்திரம் குறைத்துவிட்டுப் பீடியை மறந்தால், நமது மீனவத் தொழிலாளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவாரேயன்றி விடமாட்டார்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது விட விரும்புவோருக்குக் கைகொடுப்பதாகும். இங்கும் உடலின் வேகம் முக்கியமானது. 1,246 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், நிக்கொட்டினை வழமையான வேகத்தில் இழப்பவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டையை விட வரெனிக்கிளின் மாத்திரை கூடிய பயனளித்தது. மந்தமாக இழப்பவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பயனைத் தந்தன. ஆனால் மாத்திரையின் பக்கவிளைவுகள் அவர்களில் அதிகமாக இருந்தன. ஒருவருக்குப் பட்டை பயன்படவில்லை என்பதால் அவருக்கு எதுவும் பயன்படாது என்று கைவிடக் கூடாது என்பதே இதன் பொருள். உலக சுகாதார தாபனம் 2021 இல் வரெனிக்கிளினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. கொழும்பில் வசதி படைத்தோருக்கு மாத்திரமன்றி மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் உள்ள ஏழைத் தொழிலாளிக்கும் அரச வைத்தியசாலையினூடாக இத்தகைய சிகிச்சையும் ஆலோசனையும் கிட்ட வழிசெய்ய வேண்டும் என்று வலியுறுத்துகின்றோம். 1948 என்ற தொலைபேசிச் சேவை பற்றியும் தமிழ் பேசும் கிராமங்களில் போதிய அறிவூட்டல் தேவை.

சமயத் தலைவர்களுக்கும் இதில் பங்குண்டு. புகைத்தலை விட்டவரை வாட்டும் உடல் உபாதைகள் முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடுகின்றன. மாலை அணிந்து ஒரு மண்டலம் விட்டிருந்தவர், மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் பற்றவைக்கும்போது, தம் உடல் ஏற்கனவே கைவிட்ட ஒன்றையே வலிந்து மீட்டெடுக்கின்றார். நோன்பு நோற்பவரோ பகலெல்லாம் பொறுத்திருந்து இப்தாருக்குப் பின் புகைப்பதால், தணிந்து வரும் வேட்கையை ஒவ்வோர் இரவும் புதுப்பிக்கின்றார். இரவிலும் விட்டுவிட்டால் பெருநாளைக்குள் கடினமான கட்டம் கடந்து போயிருக்கும். பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் இவ்வுண்மை எடுத்துரைக்கப்படுமாயின் பெரும் பயன் விளையும்.

புகைப்பவரைக் குற்றவாளியாகவோ கோழையாகவோ நோக்குவது அவரை மேலும் ஒதுங்கச் செய்யும். அவரது உடல் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அவருக்கு விளக்கி, பொருத்தமான உதவியை அவரது ஊருக்கே கொண்டு செல்வதே அறிவுடைமை. ஈரலின் வேகம் அவர் தெரிந்தெடுத்ததல்ல. ஆனால் அவருக்குச் சிகிச்சை கிட்டுவதா இல்லையா என்பதை நாம் தெரிந்தெடுக்கலாம்.